பதினோராம் வகுப்பில் ராய்ஸ் ஸ்டில்ட்னர்

டெசா ஸ்டில்ட்னருக்கு அப்பாமேல் உயிர். ஆனால் அந்தப் பாசமெல்லாம் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியேதான். காலையில் இறக்கிவிட வரும்போதுகூட, அவருடைய டயர் கடையின் பெயரைப் பெரிதாக எழுதிய அந்தப் பழைய வண்டியைத் தபால் நிலையத்துப் பக்கமே நிறுத்தச் சொல்லிவிட்டு, மீதித் தூரத்தை நடந்துதான் போவாள். அப்படிப்பட்ட பெண்ணின் வகுப்பறைக்குள்ளேயே அந்த அப்பா வந்து, அடுத்த வரிசையில் உட்கார்ந்துகொண்டால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

எல்லாம் ஒரு நாவலால் வந்த வினை.

டில்லார்ட்ஸ் ஃபோர்க் மேற்கு வர்ஜீனியா மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு சுரங்க ஊர். சுரங்கம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. அதைப் பற்றிப் பேசுகிற வாய்களைத்தான் இன்னும் மூட முடியவில்லை. அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் ஓய்வு பெற்று வெயிலைத் தேடிப் புளோரிடா பக்கம் போய்விட்டார். அவர் இடத்தில் வேறு ஆளைப் போட நிர்வாகத்துக்கு வழியில்லை. அதனால் இலக்கியம் நடத்திக்கொண்டிருந்த ஓனீடா கிளைனின் தலையில் வரலாறும் வந்து விழுந்தது. அந்த அம்மா அசரவில்லை. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிவிடலாம் என்று, ஒரு நாவலைத் தேடிப் பிடித்துப் பதினோராம் வகுப்புக்குப் பாடமாக வைத்தார்.

நூறு வருஷத்துக்கு முந்தைய நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தைப் பற்றிய நாவல் அது. சங்கம் வைத்த தொழிலாளிகளைக் கம்பெனி வீட்டைவிட்டுத் துரத்துகிறது. கொட்டுகிற பனியில் குடும்பங்கள் கூடாரத்துக்குப் போகின்றன. தங்கப்பல் கட்டிய கம்பெனிக் காவலாள் ஒருவன், அழுகிற தாயின் கண்முன்னே குழந்தையின் தொட்டிலைத் தூக்கி ஆற்றில் எறிகிறான். சுரங்கத் தொழிலாளிகள் பேசுகிற மாதிரியே அதில் எல்லோரும் பேசுவார்கள். அதாவது, வாயைத் திறந்தால் வசவு.

டெசா அதைச் சமையலறை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் அப்பா ராய்ஸ் அதை எடுத்து, நின்றபடியே நாலு பக்கம் புரட்டினார். பிறகு உட்கார்ந்து புரட்டினார். பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போனவர், அந்த வாரமே பள்ளி வாரியத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டார்: புத்தகத்தில் கெட்ட வார்த்தை ஏராளம், பிள்ளைகள் படிக்கத் தகுந்ததல்ல, எடுத்துவிடவும்.

"கெட்ட வார்த்தையா?" என்று டெசாவின் அம்மா நோரீன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "கடையில நட்டு கழலலேன்னா நீ சொல்றத எல்லாம் எழுதி வச்சா, இதவிடத் தடியா ஒரு புத்தகம் வரும், ராய்ஸ்."

"அது கடை. இது பள்ளிக்கூடம்."

"நட்டுக்குத் தெரியுமா அது?"

ராய்ஸ் பீன்ஸைத் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார்.

புகார் ஊர் முழுக்கப் பரவ ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. மறுநாள் பள்ளி விட்டபின் டெசா கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு மிஸ் கிளைன் உள்ளே வந்தார். ராய்ஸும் அவரும் அதே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் பேச்சில் மரியாதைக்கு அவ்வளவாக இடமில்லை.

"டயரா, ஓனீடா?" என்றார் ராய்ஸ், வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி.

"டயர் நல்லாத்தான் இருக்கு. அந்தப் புத்தகத்த முழுசாப் படிச்சியா நீ?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் பாத்தாப் போதாதா?"

"நீ பாத்தது சோறு இல்ல ராய்ஸ், மூடி." மிஸ் கிளைன் அடுக்கி வைத்திருந்த டயர்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். "எட்டாம் வகுப்புல அட்டைப் படத்தப் பாத்தே கட்டுரை எழுதுனவன்தானே நீ. அட்டையில கப்பல் இருந்துச்சுன்னு கப்பலப் பத்தியே மூணு பக்கம் எழுதுன. அந்தக் கதையில கப்பலே வராது."

டெசா சிரிப்பை அடக்கக் கல்லாவுக்குள் குனிந்தாள்.

"எனக்கு இருக்கிற வேலையில..." என்று ராய்ஸ் ஆரம்பித்தார்.

"வாரியம் வசந்தத்துலதான் கூடுது. அது வரைக்கும் வியாழக்கிழமை தோறும் என் வகுப்புக்கு வா. பிள்ளைங்களோட உக்காந்து படி. எது தப்போ அங்கயே சொல்லு. முதல்வர்கிட்டப் பேசிட்டேன், அவருக்குச் சம்மதம். உனக்குப் பயமா இருந்தா வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். டெசா கண்ணை மூடிக்கொண்டு, 'வேண்டாம்னு சொல்லுப்பா, வேண்டாம்னு சொல்லு' என்று வேண்டிக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் குரல் கேட்டது.

"எனக்கு என்ன பயம்?"

அந்த வியாழக்கிழமை ராய்ஸ் ஸ்டில்ட்னர் சலவைச் சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, சட்டைப் பையின்மேல் 'பார்வையாளர்' என்று அலுவலகத்தில் ஒட்டிவிட்ட காகிதத்தோடு வகுப்பறை வாசலில் நின்றார். பிள்ளைகளின் நாற்காலியும் மேசையும் ஒன்றாகப் பிணைந்தவை. ஆள் ஆறடிக்கு மேல். அகலமும் அதற்குத் தக்கபடி. பக்கவாட்டில் நுழைந்து பார்த்தார், முன்னாலிருந்து நுழைந்து பார்த்தார், கடைசியில் சட்டியில் கரண்டி மாட்டிக்கொண்ட மாதிரி எப்படியோ உள்ளே போனார்.

"புது அட்மிஷனா சார்?" என்று பக்கத்திலிருந்த குவிண்டன் பானிஸ்டர் மெல்லக் கேட்டான். பள்ளி வாத்தியக் குழுவில் இருக்கிற எல்லாவற்றிலும் பெரிய ஊதுகுழல் அவனுடையது. வாயும் ஏறக்குறைய அதே அளவு. "மத்தியானச் சாப்பாட்டுல வியாழக்கிழமை பெப்பரோனி ரோல். சீக்கிரம் போனாத்தான் கிடைக்கும். சொல்லலேன்னு இருக்கக் கூடாது."

டெசா ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். அது அப்படியே சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தால்கூட நல்லதுதான் என்று பட்டது.

மிஸ் கிளைனின் வகுப்பில் ஒரே ஒரு சட்டம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ராய்ஸுக்கு இது தெரியாது.

"மிஸ்டர் ஸ்டில்ட்னர், உங்க கருத்தோட ஆரம்பிக்கலாமே," என்றார் மிஸ் கிளைன். வகுப்பறைக்குள் வந்ததும் அவர் பேச்சில் 'நீங்க' வந்துவிட்டது.

"இதுல ஒரே கெட்ட வார்த்தை."

"எந்தப் பக்கம்?"

ராய்ஸ் தயாராகத்தான் வந்திருந்தார். கடை ரசீதுகளைக் கிழித்து அடையாளம் வைத்திருந்தார். ஒரு பக்கத்தைத் திறந்தார். வாயைத் திறந்தார். சுற்றிலும் பதினாறு வயதுப் பிள்ளைகள் ஆவலோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காது மடல் சிவந்தது.

"நீங்களே பாத்துக்கங்க," என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

"நான் வேணா படிக்கட்டுமா சார்?" என்று குவிண்டன் கைதூக்கினான். வகுப்பே சிரித்தது. மிஸ் கிளைனும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கொஞ்ச நேரம் எதையோ அழித்துக்கொண்டிருந்தார். பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

இதோடு அப்பா நின்றுவிடுவார் என்றுதான் டெசா நினைத்தாள். அடுத்த வியாழனும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். புத்தகம் இப்போது கடையிலேயே இருந்தது. பக்க ஓரங்களில் கிரீஸ் கைரேகை. வண்டியைத் தூக்கி நிறுத்தி வைத்துவிட்டு, வாடிக்கையாளரிடம், "அந்த அடா இருக்காளே, அவ செஞ்சது சரின்னு நெனைக்கிறீங்களா?" என்று கேட்டு, அவர் எந்த அடா என்று விழிக்க, முழுக் கதையையும் சொல்லி முடிப்பதற்குள் டயர் மாற்றுவதற்கு வழக்கத்தைவிட இரட்டிப்பு நேரமாகும். அடா என்பது கூடாரத்தில் பிள்ளை பெற்ற கதாநாயகி.

வகுப்பில் அவர் கை கீழே இறங்கவே இல்லை.

"அப்பா, ஒரு வகுப்புக்கு ஒரு தடவ கைய தூக்கினாப் போதும்," என்று டெசா வண்டியில் வரும்போது கெஞ்சினாள்.

"அந்த அம்மா கேள்வி கேட்டாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. பாக்கவே பாவமா இருந்துச்சு."

"நாங்க யோசிச்சிட்டிருந்தோம்ப்பா."

"குவிண்டன் தூங்கிட்டிருந்தான்."

டெசா வகுப்பில் கெட்டிக்காரி. நாவலில் எது வந்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒருநாள் அந்தப் பனிக் காட்சியைப் பற்றி எழுந்து நின்று, பனி மாசற்ற தன்மையின் குறியீடு, அதன்மேல் படியும் கரித்தூள் அமெரிக்கக் கனவின்மேல் படிந்த களங்கம் என்று அழகாகப் பேசி முடித்தாள். மிஸ் கிளைன் தலையாட்டினார். அடுத்த வரிசையில் கை உயர்ந்தது.

"பனின்னா பனிதான்," என்றார் ராய்ஸ். "கூடாரத்துல இருக்கிறவனுக்கு அது குறியீடு கிறியீடு ஒண்ணும் கிடையாது. கால் விரல் மரத்துப் போகும். இருபத்தி மூணாம் பக்கத்துல அடாவே சொல்றா."

முதல் முறையாக ராய்ஸ் பக்கம் சொல்லியிருந்தார். மிஸ் கிளைன் புருவத்தை உயர்த்தினார். டெசாவுக்கு எரிச்சலாக இருந்தது. புரட்டிப் பார்த்தபோது இருபத்தி மூன்றாம் பக்கத்தில் அது இருந்ததுதான் அதைவிடப் பெரிய எரிச்சல்.

ஆனால் ஒன்றை அவள் கவனித்தாள். தங்கப்பல் காவலாளைப் பற்றிப் பேச்சு வரும்போது மட்டும் அப்பாவின் கை எழாது. கண் ஜன்னலுக்குப் போய்விடும். ஒருவழியாக அடங்கத் தெரிந்துகொண்டாரே என்று அவள் நிம்மதிப்பட்டாள்.

எல்லோரும் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ராய்ஸும் எழுதினார். நடுத்தரத்துக்கு ஒரு மயிரிழை மேலே மதிப்பெண் வந்தது. வகுப்பு முடிந்ததும் மிஸ் கிளைனின் மேசைக்குப் போய் நின்றார். டெசா பையை அடுக்குகிற பாவனையில் அங்கேயே நின்று காதைக் கொடுத்தாள்.

"என்ன குறைச்சல் இதுல?"

"நல்லாத்தான் எழுதியிருக்க," என்றார் மிஸ் கிளைன், குரலைத் தாழ்த்தி. "கேள்வி அந்தக் காவலாளப் பத்தி. நீ நாலு பக்கமும் அடாவப் பத்தி எழுதியிருக்க. அவன் பேரு ஒரு இடத்துல கூட வரல."

"அவனப் பத்தி எழுத என்ன இருக்கு?"

"அதத்தான் ராய்ஸ் நானும் கேட்டேன்."

ராய்ஸ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டில் நோரீன் அதைக் கண்டெடுத்துக் குளிர்பெட்டிக் கதவில், டெசாவின் பழைய பள்ளிப் படங்களுக்கு மேலே ஒட்டி வைத்தாள். "இந்த வீட்டுல ரெண்டு பேரு படிக்கிறாங்கன்னு எனக்குப் பெருமையா இருக்கு," என்றாள். அவள் குரலில் கேலி எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

நாவல் முடிகிற சமயத்தில் மிஸ் கிளைன் ஒரு வழக்கு நடத்த முடிவு செய்தார். வகுப்பே நீதிமன்றம், மற்ற பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லும் நடுவர்கள். குற்றவாளிக் கூண்டில் தங்கப்பல் காவலாள். குற்றம் சாட்டும் வக்கீலாக டெசா தானே முன்வந்தாள். பேச்சுப் போட்டியில் மாவட்டம்வரை போனவள். வேறு யாருக்கும் அந்தத் தைரியம் இல்லை. அவனுக்காக வாதாட யார் என்று கேட்டபோது எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள்.

"ஒருத்தரும் இல்லையா? வக்கீல் இல்லாம வழக்கு நடத்தறதும் நம்ம நாட்டு வரலாறுதான். ஆனா நாம அதச் செய்யப் போறதில்ல," என்றார் மிஸ் கிளைன்.

ராய்ஸின் கை மெதுவாக மேலே போனது. எப்போதும் போல விசுக்கென்று அல்ல. கனமான எதையோ தூக்குகிற மாதிரி.

அந்த வாரம் வீட்டில் பனிப்போர். அப்பா வந்தால் மகள் குறிப்பை மறைத்தாள். மகள் வந்தால் அப்பா புத்தகத்தைக் கவிழ்த்தார். நோரீன் சோளரொட்டியை மேசையில் வைத்து, "வக்கீலுங்க ரெண்டு பேரும் சாப்பிட வரலாம். சாட்சியான எனக்குப் பசிச்சுது, நான் ஏற்கெனவே சாப்பிட்டாச்சு," என்று அறிவித்தாள்.

வழக்கு நாளில் டெசா பிரமாதமாகத்தான் ஆரம்பித்தாள். பனி, கூடாரம், இருமிச் செத்த குழந்தை எல்லாவற்றையும் பக்க எண்ணோடு எடுத்து வைத்தாள். எதற்கும் சிரிக்கிற பின்வரிசைகூட அமைதியாகிவிட்டது. பிறகு ராய்ஸ் நாற்காலியிலிருந்து தம்மை விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"அவன் நல்லவன்னு நான் சொல்ல வரல," என்றார். "இந்தப் புத்தகத்துல எல்லாருக்கும் அம்மா இருக்கா. அடாவுக்கு இருக்கா, சங்கத்து ஆளுக்கு இருக்கா, கம்பெனி முதலாளிக்குக்கூட இருக்கா, பியானோ வாசிக்கிறா. இவனுக்கு மட்டும் ஒரு பல்லுதான் இருக்கு. மலைக்கு மேல கல்லுக் காட்டுல உழுது ஒண்ணும் வெளையாம எறங்கி வந்த பய. இருபது, இருபத்தி ரெண்டு வயசு இருக்குமா? சுரங்கத்துக்குள்ள போகப் பயம். கம்பெனி துப்பாக்கியக் குடுத்து, கோட்டும் குடுத்துச்சு. கோட்டுக்காகவே போயிருப்பான்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் டெசா. மிஸ் கிளைனின் குரல் அவளுக்கு நன்றாக வரும். வகுப்பு சிரித்தது.

"பக்கம் இல்ல. நானா யூகிச்சது."

"யூகத்த நீதிமன்றம் ஏத்துக்காது. நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொம்பள கெஞ்சினா. வேணாம், அது மட்டும் வேணாம்னு கெஞ்சினா. அது தெரிஞ்சும் அவன் தூக்கிட்டுப் போயி ஆத்துல எறிஞ்சானா இல்லையா? யாரும் அவன் கையப் புடிச்சு எறிய வைக்கலையே?"

"எறிஞ்சான்," என்றார் ராய்ஸ். "கனமா இருந்துச்சு. ஒருத்தனால தூக்க முடியல. இன்னொருத்தன் ஒரு பக்கம் புடிச்சான். அவ பின்னாலயே வந்தா, கத்தல, ஒண்ணும் பண்ணல, சக்கரத்து மேல கைய வச்சுக்கிட்டே நடந்து வந்தா..."

"என்ன சக்கரம்?" என்றாள் டெசா. "தொட்டிலுக்கு ஏது சக்கரம்?"

"தொட்டில் இல்ல. தையல் மிஷின்."

டெசா புத்தகத்தைப் புரட்டினாள். அவளுக்கு மனப்பாடமான பக்கம்தான் அது. "புத்தகத்துல தையல் மிஷினே வரலையே. எந்தப் பக்கம் அது?"

ராய்ஸ் சட்டையில் ஒட்டியிருந்த காகிதத்தின் மூலையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

"புத்தகத்துல இல்ல," என்றார். "நம்ம வீட்டுல."

மிஸ் கிளைன் எழப்போனார், பிறகு எழவில்லை.

"என் கொள்ளுத்தாத்தா," என்றார் ராய்ஸ், வகுப்பைப் பார்த்தல்ல, மகளைப் பார்த்து. "ரயில்ல வேலை பாத்தாருன்னு உனக்குச் சொல்லியிருக்கேன். ரயில் இல்ல. ஒரு குளிர்காலம் முழுக்கக் கம்பெனிக்குக் காவல் நின்னாரு. இந்த ஊர்லதான். அவருக்குத் தங்கப்பல்லும் இல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் ஆயுசு முழுக்க, பக்கத்து வீட்டுல தையல் மிஷின் ஓடற சத்தம் கேட்டா எழுந்து வெளிய போயிடுவாராம். அதனால அவரு பொண்டாட்டி கடைசி வரைக்கும் கையாலயே தைச்சா. எங்க தாத்தாவுக்குச் சட்டையில தையல் கோணலா இருக்கும். எல்லாரும் சிரிப்பாங்க. காரணம் மட்டும் சொல்ல மாட்டாரு. சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் எங்கிட்டச் சொன்னாரு."

டெசாவுக்குக் கையில் இருந்த குறிப்புகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடுத்து கேட்க அவள் எழுதி வைத்திருந்தது நல்ல கேள்வி. அது இப்போது உதவாது.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லலாமா?" என்றது ஒரு குரல். குவிண்டன். நடுவர் குழுவில் இருக்கிறவன் பேசக்கூடாது என்பது விதி. மிஸ் கிளைன் தலையசைத்தார்.

"அறுபதாம் பக்கத்துல, வேலைநிறுத்தத்த உடைக்க அலபாமாவுல இருந்து ஆளுங்கள ரயில்ல ஏத்திக் கதவப் பூட்டிக் கொண்டாந்து எறக்கறாங்க இல்ல? அதுல ஒருத்தன் எங்க ஆளு. என் தாத்தாவோட தாத்தா. வேலை குடுக்கறோம்னு சொன்னாங்களே தவிர, சண்டை நடக்குதுன்னு ஒருத்தரும் சொல்லல. எறங்கினா ஒரு பக்கம் துப்பாக்கி, இன்னொரு பக்கம் கல்லு. ரெண்டுமே அவரப் பாத்துத்தான். அப்புறம் அவரும் சங்கத்துல சேந்தாரு, சேந்ததும் அவரையும் தூக்கி வெளிய போட்டாங்க. போட்டது உங்க கொள்ளுத்தாத்தாவா இருந்தாலும் இருக்கும், சார்." அவன் கொஞ்சம் யோசித்தான். "எங்க பாட்டன் கொண்டுவந்தது ஒரு பாஞ்சோ வாத்தியம் மட்டும்தானாம். அது எங்க வீட்டு அலமாரியில இன்னும் இருக்கு. அதனால அத ஆத்துல போட்டது நீங்க இல்லன்னு நான் சாட்சி சொல்றேன்."

முதலில் சிரித்தது ராய்ஸ்தான். இருமல் மாதிரி வந்த சிரிப்பு. பிறகு வகுப்பும் சேர்ந்துகொண்டது.

தீர்ப்பில் காவலாள் குற்றவாளி என்று முடிவானது. தண்டனை என்ன என்பதில்தான் நடுவர்கள் மணியடிக்கும்வரை சண்டை போட்டார்கள். குவிண்டனும் குற்றவாளி என்றுதான் கை தூக்கினான். "மன்னிச்சுக்கங்க சார், வழக்கு வழக்குதான்," என்றான்.

"நானா இருந்தாலும் அப்படித்தான் தூக்கியிருப்பேன்," என்றார் ராய்ஸ்.

சாயங்காலம் வண்டியில் போகும்போது ஆற்றுப் பாலம் தாண்டியதும் டெசா கேட்டாள்.

"அப்ப கெட்ட வார்த்தை இல்ல காரணம்?"

"அதுவும்தான். ஓவராத்தான் இருக்கு."

"அப்பா."

ராய்ஸ் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "எனக்குச் சின்ன வயசுல ஒருத்தன் பள்ளிக்கூடத்துல, 'கம்பெனி அடியாளு பேரன்'னு கூப்பிட்டான். நான் அவன் மூக்க ஒடச்சேன். அவன் சொன்னது நெசம்னு எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்ன ஒடச்சிருப்பேனோ. நீ இதப் படிச்சிட்டு வந்து, 'நம்ம ஆளுங்க இந்தக் கதையில யாருப்பா'ன்னு கேட்டுட்டா என்ன சொல்றதுன்னுதான்."

"கேக்கத்தான் போறேன்," என்றாள் டெசா. "ஆனா உன்ன நான் கூண்டுல ஏத்தலையே. நீயாத்தானே ஏறின."

"நல்ல வக்கீல்தான் நீ. எதிராளி வாயாலயே வாங்கற."

"நீ மோசமான வக்கீல்ப்பா. உன் கட்சிக்காரன நீயே மாட்டிவிட்டுட்ட."

பள்ளி வாரியம் வசந்தத்தில் ஒரு மாலை பள்ளி நூலகத்தில் கூடியது. வழக்கமாக நாலு பேர் வந்து பேருந்துத் தடத்தைப் பற்றி முணுமுணுத்துவிட்டுப் போகிற கூட்டம். அன்று நாற்காலி பற்றவில்லை. வாரியத் தலைவர் புகாரைப் படித்துவிட்டு, சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று ராய்ஸைக் கேட்டார்.

"இருக்கு," என்றார் ராய்ஸ். "புத்தகத்துல கெட்ட வார்த்தை கூடுதல்தான். காவலாள எழுதின விதம் சுத்தத் தப்பு. அந்தக் காலத்து வண்டிச் சக்கரம் எப்படிக் கழலும்னு எழுதினவருக்குத் தெரியல. அந்தக் கடைசி அத்தியாயம் தேவையே இல்ல."

"அப்ப எடுத்துடலாம்ங்கறீங்க."

"எடுக்கவா? எதுக்கு? நான் அதோட பாதிச் சண்டையில இருக்கேன். சண்டை நடக்கும்போதே எதிராளிய யாராவது தூக்கிட்டுப் போவாங்களா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப புகார வாபஸ் வாங்கறீங்களா, மிஸ்டர் ஸ்டில்ட்னர்?"

"அதெப்படி வாங்குவேன்? புகார் புகாராவே இருக்கட்டும். நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாப் போதும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது அந்த வாரியத்துக்குக் கைவந்த கலை. எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிற்று.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் மிஸ் கிளைன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். ராய்ஸ் பக்கத்தில் போய்த் தயங்கி நின்றார். டெசாவும் நின்றாள். கிளைன் குடும்பம் அந்தக் கூடாரங்களில் இருந்த குடும்பம் என்று ஊருக்கே தெரியும்.

"ஓனீடா. அந்தத் தையல் மிஷின்... உங்க வீட்டோடதா?"

மிஸ் கிளைன் சிரித்துவிட்டார். "எங்க வம்சத்துல யாருக்கும் ஊசியில நூல் கோக்கத் தெரியாது, ராய்ஸ். எங்க வீட்டுல வெளிய போட்டது ஒரு அடுப்பும் ஒரு பன்னிக்குட்டியும். பன்னிக்குட்டி திரும்பி வந்துடுச்சு. மிஷின் வேற யாரோடதோ."

"யாரோடது?"

"எனக்கு எப்படித் தெரியும்? கேட்டுத்தான் பாரேன்."

கேட்டுத்தான் பார்த்தார்கள். அந்தக் கோடையில் சனிக்கிழமைதோறும் அப்பாவும் மகளும் பள்ளத்தாக்கின் மேலும் கீழும் இருந்த பழைய குடும்பங்களின் கதவைத் தட்டினார்கள். பேச்சை ஆரம்பிப்பது டெசாவின் வேலை. நடுவில் புகுந்து அதைக் கெடுப்பது ராய்ஸின் வேலை. எங்க கொள்ளுத்தாத்தா ஒரு தையல் மிஷினை ஆற்றில் போட்டார், அது உங்களுடையதா என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வார்கள்? ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருவர், மிஷினோடு சேர்த்துத் தங்கக் கட்டி ஒன்றும் போனது, அதற்கும் பொறுப்பேற்பீர்களா என்று கேட்டார். ஓடை ஓரத்தில் தனியாக இருந்த லூடி வான்ஸ் என்ற அம்மாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்களுக்குப் போனது மிஷின் இல்ல," என்றாள். "சுவர்க் கடிகாரம். யாரு எடுத்தாங்கன்னு தெரியாது. இத்தன வருஷத்துல கேட்டுக்கிட்டு யாரும் வந்ததில்ல. நீங்க வந்தீங்க. தப்பான வீட்டுக்கு வந்திருக்கீங்க, பரவாயில்ல. உக்காருங்க, இப்பத்தான் சுட்ட ஆப்பிள் பை ஆறிட்டிருக்கு."

உட்கார்ந்தார்கள். கடிகாரக் கதை நீண்டது. அதிலிருந்து வேறொரு கதை கிளைத்தது. ராய்ஸ் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தட்டை நீட்டினார். மிஷின் யாருடையது என்று அந்தக் கோடையில் தெரியவில்லை, அதற்குப் பிறகும் தெரியவில்லை. கிளம்பும்போது லூடி வான்ஸ் மீதியைத் துணியில் சுற்றி டெசாவின் கையில் கொடுத்தாள். வண்டியில் டெசா அதை மடியில் வைத்துக்கொண்டு, கீழே மரங்களுக்கிடையே ஓடிக்கொண்டிருந்த ஆற்றையே பார்த்தபடி வந்தாள்.

"அடுத்த சனிக்கிழமை யாரு வீடு?" என்று கேட்டார் ராய்ஸ்.

"அடுத்த தடவ நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்காம இருக்கணும்."

"பாக்கலாம்," என்றார் அவர்.